ஒரு குதிரை, சில மாணவர்கள்: ஒரு நாளை நடத்தும் முறை

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் குதிரைச் சந்தை முடிந்ததும் எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "குதிரை பிடிச்சாச்சுங்க, சேணம் எங்க வாங்கறது?" சேணம் மெதுவாக வாங்கலாம். ஒரு நாளில் அது குதிரை முதுகில் இருப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வயிறு, தண்ணீர், குளம்பு, லத்தி. அதைச் சரியாகப் பார்த்துக்கொள்கிற வீட்டில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நிம்மதியாகச் சவாரி சொல்லிக்கொடுக்க முடியும். சொந்தமாக ஒரு குதிரை வைத்துக்கொண்டு, வார இறுதியில் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அடிப்படை கற்றுத்தர நினைப்பவர்களுக்காக, ஒரு நாளை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: தீவனம் போடும் முன் பாருங்கள்

காலை ஐந்தரைக்கு லாயத்துக்குப் போனதும் தீவன வாளியைத் தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். குதிரை உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா? நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா? பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வெடுத்தால் பரவாயில்லை. முன்னங்காலை நீட்டி, எடை படாமல் வைத்திருந்தால் வலி என்று அர்த்தம்.

அப்புறம் லத்தியை எண்ணுங்கள். நன்றாக இருக்கும் குதிரை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை போடும். இரவில் மூன்று நான்கு குவியலாவது இருக்க வேண்டும். உருண்டையாக, விழுந்ததும் லேசாக உடைகிற மாதிரி இருந்தால் சரி. சின்னதாக, கெட்டியாக, மேலே சளி படிந்து இருந்தால் தண்ணீர் போதவில்லை. ஒன்றுமே இல்லை என்றால் படி 7-க்குப் போங்கள்.

குதிரை நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் இந்த மூன்று கணக்கையும் எடுத்து சுவரில் எழுதி வையுங்கள். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. நாடியைத் தாடையின் கீழ் ஓரத்தில் விரல் வைத்துப் பிடிக்கலாம், 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நோய் வந்த ராத்திரியில் டாக்டர் போனில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உங்கள் குதிரையின் வழக்கமான எண் தெரியாவிட்டால் பதில் சொல்ல முடியாது.

படி 2: எடையை அளந்து, பிறகு தீவனம்

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எடை மேடை தேவையில்லை, ஒரு தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரை நீளவாக்கில் இன்னொரு அளவு. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 160 செ.மீ., நீளம் 145 செ.மீ. என்றால் சுமார் 312 கிலோ.

ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் (தண்ணீரைக் கழித்து) உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் வேண்டும். 312 கிலோ குதிரைக்கு ஆறு கிலோ சொச்சம். காய்ந்த புல்லாகப் போட்டால் ஏழு கிலோ பக்கம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் அதே சத்துக்கு முப்பது கிலோவாவது வெட்ட வேண்டியிருக்கும். மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு, குறையும் வயிற்றைக் கொள்ளால் நிரப்பும் பழக்கம்தான் நம் ஊரில் பாதி வயிற்றுவலிக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

குதிரையின் இரைப்பை உடம்புக்கு ரொம்பச் சின்னது, வெறும் பத்துப் பதினைந்து லிட்டர். அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். உள்ளே போனது திரும்பி வராது, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே புல்லை நான்கு ஐந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தானியம் ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். வாரத்தில் சில மணி நேரம் நடக்கிற குதிரைக்கு, ஊறவைத்து வேகவைத்த கொள்ளு காலை அரைக் கிலோ, மாலை அரைக் கிலோ தாராளம். புதுத் தீவனம் எதுவானாலும் பத்து நாள் எடுத்து மெதுவாக மாற்றுங்கள்.

இப்போது கோ-4 என்ற கம்பு நேப்பியர் புல் விஷயம். கொங்குப் பக்கம் யார் தோட்டத்துக்குப் போனாலும் கம்பு நேப்பியர் நிற்கும், மலிவாகவும் கிடைக்கும். இதில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துவிடும். குதிரையில் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். கூடவே கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டால், அதிலுள்ள பாஸ்பரஸ் மிச்சக் கால்சியத்தையும் கெடுக்கும். உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும், முக எலும்பு வீங்கும். நேப்பியரை மட்டுமே நம்பாமல், பாதியாவது வேறு காய்ந்த புல்லும் குதிரைமசாலும் கலந்து கொடுங்கள். தவிடு ஒரு கைப்பிடி போதும். கால்சியம் உள்ள தாது உப்புக் கலவையை எவ்வளவு கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுத் தீவன மூட்டையும் கோழித் தீவன மூட்டையும் குதிரைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கக் கூடாது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

தண்ணீர் 25 முதல் 45 லிட்டர், சித்திரை வெயிலில் இன்னும் கூட. சமையல் உப்பு தினமும் 30 கிராம். தரையில் போட்டால் மண்ணும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், பழைய ரப்பர் பாய் விரித்து அதன்மேல் போடுங்கள்.

படி 3: லாயமும் குளம்பும்

ஈரப் படுக்கையை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். நீங்கள் குனிந்தால் மூத்திர நெடி கண்ணில் எரிகிறதென்றால், இரவெல்லாம் அங்கே படுக்கிற குதிரைக்கு நுரையீரல் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

குளம்பை தினமும் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும். குதிகாலிலிருந்து முனையை நோக்கிக் கொக்கியை இழுங்கள். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியைக் குத்தாதீர்கள், அதன் இரு பக்கப் பள்ளங்களில்தான் அழுக்கு தங்கும். கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது, ஐப்பசி மழையில் இது சாதாரணம். லாடம் அடிப்பவரை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரச் சொல்லுங்கள். லாடம் தேயவில்லை என்று தள்ளிப் போடாதீர்கள், தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

படி 4: சேணம் கட்டுதல்

சவாரிக்கு முன் வயிறு காலியாக இருக்கட்டும் என்பார்கள். கொள்ளுக்கு அது சரி, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புல்லுக்கு அப்படி இல்லை. இரண்டு கைப்பிடி காய்ந்த புல் உள்ளே இருந்தால் அமிலம் அலம்பாமல் தடுக்கும்.

முதுகையும் வயிற்றுவார் படும் இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன முள்ளோ காய்ந்த சேறோ இருந்தால்கூட அரை மணியில் புண்ணாகிவிடும். சேணத்தைத் தோளுக்குச் சற்று முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னால் தள்ளுங்கள். வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். பல குதிரைகள் அந்த நேரத்தில் வயிற்றை உப்பிக்கொள்ளும். லேசாகக் கட்டி, பத்தடி நடத்தி, மறுபடி இறுக்கி, ஏறும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

படி 5: முதல் பாடம்

மாணவர் வந்ததும் எடையைக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நாம் அளந்த 312 கிலோ குதிரைக்கு 62 கிலோ வரும். சேணம் எட்டுக் கிலோ என்றால் ஆள் 54 கிலோ. நம் பக்கம் அதிகம் விற்கும் கத்தியவாரி, மார்வாரி குதிரைகள் பெரிய உருவம் இல்லை. "எங்க வீட்டுக்காரரும் ஒரு ரவுண்டு" என்று கேட்பார்கள், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

சவாரிக்கென்று செய்த ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் பின்னந்தலையைக் காப்பாற்றாது. ஒருமுறை பலமாக அடிபட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காலில் சின்னக் குதிகால் உள்ள மூடிய ஷூ வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் (கால் வைக்கும் வளையம்) வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். நீங்கள் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர் இல்லை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

முதல் இருபது நிமிடம் தரையில்தான். குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு, நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வரச் சொல்லுங்கள். இடப்பக்கம் நின்று நடத்தப் பழக்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றிய கயிறு குதிரை மிரளும்போது விரலைக் கொண்டுபோய்விடும்.

அப்புறம் ஏறலாம், அதுவும் ஒரு மேடையிலிருந்து. தரையிலிருந்து அங்கவடியை இழுத்து ஏறினால் ஒவ்வொரு முறையும் குதிரையின் முதுகெலும்பு ஒரு பக்கமாக முறுக்கப்படும். அங்கவடியின் நீளத்துக்குச் சுலபக் கணக்கு ஒன்று உண்டு. சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் இடத்தில் விரல் நுனியை வைத்துக் கையை நேராக நீட்டினால், இழுத்துப் பிடித்த அங்கவடியின் அடி அக்குளைத் தொட வேண்டும்.

இப்போது கடிவாள வாரை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். புதிதாக உட்காருபவர் தடுமாறும்போது கைக்குக் கிடைத்ததை இழுப்பார், அது குதிரையின் வாய். கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தோல் வார் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குதிரை ஏழெட்டு மீட்டர் நீளக் கயிற்றில் உங்கள் கையில் இருக்கட்டும், உங்களைச் சுற்றி வட்டமாக நடக்கட்டும்.

மாணவரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் பக்கவாட்டில் ஒரே கோட்டில் வர வேண்டும். "நேரா உட்காரு" என்று கத்தினால் விறைத்துப்போவார்கள். அதைவிட வேலை கொடுங்கள். இரண்டு கையையும் விரிக்கட்டும், ஒரு கையால் எதிர்க் காலின் கட்டைவிரலைத் தொடட்டும், குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே பின்னால் கைவைத்து அதன் முதுகைத் தட்டட்டும். பத்து நிமிடத்தில் இடுப்பு தானாக இளகும்.

மாணவர் குதிரையை நிறுத்தப் பழகிய பிறகே அதைத் தானாக நடத்தப் பழக்குங்கள். மூச்சை வெளியே விட்டு, கனமாக உட்கார்ந்து, கழுத்து வாரைப் பிடித்த விரலை மூடுவது. குதிரை நின்றதும் உடனே தளர்த்துவது. அந்தத் தளர்த்தல்தான் குதிரைக்குப் புரியும் பரிசு. அவசரமாக இறங்கவும் முதல் நாளே கற்றுக்கொடுங்கள், இரண்டு பாதத்தையும் முதலில் விடுவித்து, முன்னால் சாய்ந்து, சறுக்கி இறங்க வேண்டும்.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் டிராட் தொடங்கலாம். மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து விழும் இரண்டு தாள நடை அது. நீங்கள் "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணுங்கள், ஒண்ணுக்கு எழுந்து ரெண்டுக்கு உட்காரட்டும். முதலில் குதிரை நின்றிருக்கும்போதே எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று பாடத்தில் தாளம் பிடிபடாது, விட்டுவிடுங்கள்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டி) குழுவுக்குத் தங்கம் கிடைத்த பிறகு, "எம் பொண்ணுக்கு நாலுகால் பாய்ச்சல் எப்பங்க சொல்லித்தருவீங்க?" என்று கேட்கும் அப்பாக்கள் கூடிவிட்டார்கள். என் பதில், அது என்னிடம் இல்லை என்பதுதான். வேலி போட்ட மைதானமும் தகுதியுள்ள பயிற்சியாளரும் இருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் கற்றுத்தருபவருக்கு நடையும் டிராட்டும்தான் எல்லை.

ஒரு குதிரைக்கு ஒரு நாளில் அரை மணி நேரப் பாடம் இரண்டு. மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றால், அவருக்குக் குளம்பு சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

படி 6: பாடம் முடிந்ததும்

பங்குனியிலிருந்து ஆனிவரை காலை எட்டு மணிக்கு மேல் பாடம் வேண்டாம், மாலையில் ஐந்துக்கு மேல் ஆரம்பியுங்கள். வாரைத் தளர்த்திப் பத்து நிமிடம் நடத்தி, தண்ணீர் ஊற்றி, உடனே வழித்துவிடுங்கள். வியர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வை நின்றுபோகும். வேலை செய்த பிறகும் தோல் காய்ந்து, மூச்சு மட்டும் இரைத்தால் அடுத்த பாடத்தை ரத்து செய்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

படி 7: வயிற்றுவலி வந்தால்

காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுக்கும், எழும், உருளும். லத்தி நின்றுபோகும். தீவனத்தை எடுத்துவிடுங்கள், நாடியை எண்ணுங்கள், போன் செய்யுங்கள். ஓய்வாக நிற்கும்போதே நாடி 60 பக்கம் போனால் அது அவசரம். உருளப் பார்த்தால் மெதுவாக நடத்துங்கள், மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் எண்ணெய் பாட்டிலோடு வருவார். தலையைத் தூக்கி வாயில் ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும். எண்ணெய் தேவைப்பட்டால் டாக்டரே மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுப்பார். வலி ஊசியையும் நீங்களாகப் போடாதீர்கள், டாக்டர் வரும்போது அறிகுறி மறைந்திருக்கும்.

குதிரை வாங்கும்போதே கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள், அது மனிதருக்கும் தொற்றும். டெட்டனஸ் தடுப்பூசி முக்கியம். விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, இளைத்து, காலும் அடிவயிறும் வீங்கினால் கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: நீங்கள் ஊரில் இல்லாத நாள்

கல்யாணம், காதுகுத்து என்று போகத்தான் வேண்டியிருக்கும். பார்த்துக்கொள்பவரை முந்தைய நாளே வரவழைத்து, ஒரு வேளைத் தீவனத்தை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். புல்லைக் கிலோவில் சொல்லாமல், எடை போட்டுக் கட்டி வைத்த கட்டுகளாக எண்ணிக் கொடுங்கள். கொள்ளை அளக்க ஒரே டம்ளர். டாக்டர், லாடக்காரர், வண்டி வைத்திருப்பவர் மூவரின் எண்ணையும் சுவரில் நாடிக் கணக்குக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அன்றைக்குப் பாடம் கிடையாது என்று மாணவர் வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். "சும்மா ஒரு ரவுண்டு ஏத்திவிடுங்கண்ணா" என்று யார் வந்தாலும், சேணம் இருக்கும் அறையின் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.