பருப்பு வேகிற தண்ணீரும் கெட்ட தண்ணீராக இருக்கலாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் நடுத்தர வயதுக்காரர் சிலர் சிரிக்கும்போது பல்லின் குறுக்கே காவி வரி ஓடுவதைப் பார்க்கலாம். வெற்றிலைக் கறை இல்லை, தேய்த்தாலும் போகாது. பல் உருவாகிற சின்ன வயதில் குடித்த தண்ணீரிலிருந்த ஃபுளூரைடு என்ற உப்பு விட்டுப்போன தடம் அது. அந்தத் தண்ணீர் கலங்கியும் இருந்திருக்காது, நாறியும் இருந்திருக்காது.

நம் ஊர்களில் தண்ணீரைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு: வாயில் ஊற்றிப் பார்ப்பது, சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பது, பருப்பு வேகிறதா என்று பார்ப்பது. மூன்றும் காட்டுவது உப்பையும் கடினத்தன்மையையும்தான். ஃபுளூரைடு விஷயத்தில் இந்தச் சோதனை ஆளையே ஏமாற்றிவிடும். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடைக் கால்சியம் பிடித்து அடக்கி வைக்கும். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃபுளூரைடு தாராளமாக ஏறும்; பருப்பு நன்றாக வேகுவதும் அதே மாதிரித் தண்ணீரில்தான். பருப்பு பூப்போல வேகிற போர் தண்ணீரை ‘நல்ல தண்ணீர்’ என்று ஊரே தேடிப் போய்ப் பிடிக்கும். கெடுதல் அதில்தான் இருக்கக்கூடும்.

அடுத்தது டி.டி.எஸ். மீட்டர். ஆர்.ஓ. என்ற தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றை டம்ளரில் விட்டு எண்ணைக் காட்டுவார், நாமும் மிரண்டு போவோம். அது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு, அவ்வளவுதான். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம். ஃபுளூரைடுக்கோ 1 மில்லிகிராம், மிஞ்சினால் 1.5. நானூறு காட்டும் தண்ணீருக்குள் 2 மில்லிகிராம் ஃபுளூரைடு ஒளிந்திருந்தால் மீட்டருக்கு எப்படித் தெரியும்? கிருமிகள் அதன் கணக்கிலேயே வராது.

‘கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரி’ என்பதும் பாதி உண்மைதான். கிருமி சாகும். ஃபுளூரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடவும் செய்யும். கழிப்பறைக் குழி, எருக்குழி, உரம் போட்ட வயல் இவற்றின் பக்கத்தில் இருக்கும் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூட ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக் கூடாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடக்கூடும்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு காவிரித் தண்ணீர் வருகிறதே என்பார்கள். சரி. வரத்து குறைகிற நாளில் பழைய போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றினால்? லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஃபுளூரைடு இருக்கும் தண்ணீரும் 3 இருக்கும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 1.65 வருகிறது. எல்லையைத் தாண்டியாயிற்று.

இனி கிருமியைக் கொல்லத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர். மூட்டையின் வாயைத் திறந்தே போட்டுவிட்டால் குளோரின் பறந்துபோய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சும், பார்க்க இரண்டும் ஒரே வெள்ளை. தூளை அப்படியே தொட்டியில் கொட்டாமல், வாளியில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். ‘மருந்து வாடை அடிக்குது’ என்று தொட்டி ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போவதும் தவறுதான். நாலு பேர் திட்டினால் அடுத்த நாள் அவர் பாதிதான் போடுவார். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசித் தெருவைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அழுத்தம் பத்தாமல் தண்ணீர் மேலே ஏறாது என்பதால், வாசலில் முழங்கால் ஆழக் குழி வெட்டிக் குழாயைக் கீழே இறக்கியிருப்பார்கள். குடம் அதற்குள் இறங்கும். வழிந்ததும் பாத்திரம் கழுவியதும் அங்கேயே தேங்கும், குழாய் வாய் அதில் முங்கிக் கிடக்கும். மேலே வால்வை மூடியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, குழித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். பக்கத்து வீட்டில் மோட்டாரை நேரே லைனில் மாட்டி இழுத்தால், விரிசல் வழியே சாக்கடையும் சேர்ந்து வரும். தொட்டியை எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு மருந்தில்லை. குழியை மூடி, குழாயைத் தரைக்கு மேலே ஏற்றினால்தான் தீரும். அதற்கு அழுத்தம் கிடைக்கும்படி தெருத்தெருவாக முறை வைத்துத் திறந்துவிட வேண்டும்.

சோதனைக்குக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூல்டிரிங்ஸ் பாட்டிலை அலம்பிப் பிடித்துக்கொண்டு போனால் கிருமிச் சோதனைக்கு அது உதவாது. அதற்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மழைக்கு முன் ஒன்று, மழை முடிந்தபின் ஒன்று. அப்புறம், பாட்டிலில் ‘பஞ்சாயத்துத் தண்ணீர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். போர், தொட்டி, கடைசிக் குழாய் என்று மூன்று இடத்தில் தனித்தனியாகப் பிடித்து, இடமும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். முதல் இரண்டும் சுத்தமாக வந்து மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால் எங்கே மண்வெட்டியைப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.