எலுமிச்சையில் நோய் கண்டால்: பெங்களூருவில் அரசு நிறுவனங்களின் உதவியைப் பெறும் முறை

ஆனேக்கல், சர்ஜாபுரம் பக்கம் சிறு நிலம் வாங்கி எலுமிச்சை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர், இலை மஞ்சளாகத் தொடங்கியதும் மருந்துக் கடைக்குத்தான் முதலில் செல்கிறார்கள். நோய் இன்னதென்று தெரியாமல் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் வீண் செலவே. நோயை உறுதிசெய்வதற்கான அரசு நிறுவனங்கள் நகரிலும் அதன் அருகிலும் இருக்கின்றன.

முதலில் இலையை நன்றாகப் பாருங்கள். நரம்புகள் பச்சையாக இருக்க, அவற்றின் இடைவெளி மட்டும் இரு பாதியிலும் ஒரே சீராக மஞ்சளானால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறைபாடு. நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் திட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பரவியிருந்தால், சில்லிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் கிரீனிங் என்ற பாக்டீரியா நோயோ என்று ஐயப்பட வேண்டும். இரண்டையும் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம் என்பதால், மாதிரியை ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டு செல்வதே நல்லது. காய்ந்த இலைகளைப் பறித்துச் செல்வதில் பயனில்லை. நோயுற்ற இலையும் நல்ல இலையும் சேர்ந்திருக்கும் சிறு கிளையை வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, அன்றே கொடுங்கள். மரத்தின் வயது, கன்று வாங்கிய இடம், கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். குறைபாடுதான் என்று உறுதியானால், அந்நிறுவனமே உருவாக்கிய ‘அர்கா சிட்ரஸ் ஸ்பெஷல்’ நுண்ணூட்டக் கலவையை இலைவழித் தெளிக்கலாம்.

இலையின் இருபுறமும் மஞ்சள் வளையத்துடன் தக்கைபோல் தடித்த புள்ளிகள் தோன்றினால் அது பாக்டீரியாவால் வரும் சொறி நோய். இலைத்துளைப்பான் புழு குடைந்த காயங்களின் வழியே பாக்டீரியா எளிதில் நுழைவதால், புதுத் துளிர் விடும் காலத்தில் அந்தப் புழுவையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும். மழைக்கு முன்பே நோயுற்ற கிளைகளைக் கவாத்து செய்து எரித்துவிட்டு, ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளியுங்கள்: 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா ஒரு கிலோ.

மாவுப்பூச்சிக்கு மருந்தைவிட, அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு மேல் என்பது என் கருத்து. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த இவ்வண்டை, ஹெப்பாலிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பெற முயலலாம். விடுவதற்கு முன் மரத்தில் எறும்புகள் ஏறாதபடி தடுத்துவிடுங்கள். மாவுப்பூச்சியைக் காவல் காப்பவை அவைதாம். வண்டை விட்டபின் பூச்சிக்கொல்லி தெளிப்பது வண்டையே கொல்வதாகும்.

மானியம் வேண்டுவோர் வட்டத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் பஹணி (நிலப் பதிவேட்டு நகல்), ஆதார், வங்கிப் புத்தகம், கர்நாடக அரசின் விவசாயிகள் பதிவுத் தளமான ‘ஃப்ரூட்ஸ்’ பதிவு எண் ஆகியவற்றுடன் செல்ல வேண்டும். படிவங்கள் கன்னடத்தில் இருக்கும் என்பதால், படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கிரீனிங் உறுதியான மரத்துக்கு மருந்தில்லை. வேரோடு அகற்றிவிட வேண்டும். அந்த இடத்தில் நடும் கன்று நோயற்றதாக இருப்பது முக்கியம். இதற்காகவே மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் 1,765.67 கோடி ரூபாயில் தூய நடவுப்பொருள் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அதன்கீழ் அமையும் நோயற்ற நடவுப்பொருள் மையங்களில் பெங்களூரு மையத்துக்கு ஒதுக்கப்பட்டவை மா, கொய்யா, வெண்ணெய்ப்பழம் ஆகியவை மட்டுமே. எலுமிச்சை வகைகள் நாக்பூருக்கும் பிகானேருக்கும் சென்றுவிட்டன. ஆகவே இங்குள்ளவர்கள் சாலையோரக் கன்றுகளைத் தவிர்த்து, அரசுப் பண்ணையிலோ உரிமம் பெற்ற நர்சரியிலோ ரசீதுடன் வாங்குவதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.