மேனுவல் கியர் ஹேட்ச்பேக்: தேர்ந்தெடுப்பதும் ஓட்டப் பழகுவதும்

வேகம்தான் வேண்டும் என்றால் தானியங்கி கியர் காரை வாங்குவதே சரி. இரட்டை கிளட்ச் கொண்ட நவீன கியர்பாக்ஸ் கியர் மாற்றும் வேகத்தை எந்த மனிதக் கையும் எட்டாது. துள்ளலான ஹேட்ச்பேக் என்ற வகையை உலகெங்கும் பிரபலமாக்கிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 1976-இல் 110 குதிரைத்திறனும் மேனுவல் கியருமாக வெளிவந்தது. 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதில் கிளட்ச் மிதியே இல்லை. இவ்வளவு ஆன பிறகும், இடது கைக்கும் இடது காலுக்கும் ஓயாமல் வேலை கொடுக்கும் காரைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

காரணத்தைச் சொல்கிறேன். இன்ஜின் எப்போது திணறுகிறது, எப்போது தாராளமாக இழுக்கிறது, வளைவில் எடை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதெல்லாம் மேனுவல் கியர் ஓட்டுபவரின் கைகால்களுக்கு நேராகத் தெரியும். கார் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய சொகுசு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் பாதித் தூக்கத்தில் இருக்கும். சின்ன ஹேட்ச்பேக்கோ அதே 60-இல், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் அந்த இடத்தில், தன் முழுத் திறனோடு வேலை செய்துகொண்டிருக்கும். சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே ஓட்டும் இன்பம் கிடைக்கிறது. நம் ஊர்ச் சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கார் எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: எந்த வண்டி?

இந்தியாவில் இந்த வகையில் தேர்வு குறைவு. ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தபோது அதில் கிளட்ச் மிதியுள்ள வகை கிடையாது. 2023-இல்தான் 6 கியர் மேனுவல் சேர்ந்தது. 1 லிட்டர் டர்போ இன்ஜின் (கூடுதல் காற்றை உள்ளே தள்ளி வலுவைக் கூட்டும் வகை), 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சாதாரண ஐ20-ஐவிட ஸ்டீயரிங் சற்றுக் கனம், சஸ்பென்ஷன் இறுக்கம், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். இந்தக் கார் தயாராகும் இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னையின் மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. டாடா 2024-இல் கொண்டுவந்த ஆல்ட்ரோஸ் ரேசரும் 120 குதிரைத்திறன்தான். அது 6 கியர் மேனுவலில் மட்டுமே வந்தது.

ஆனால் புதிதாகப் பழகுபவர் என்னிடம் கேட்டால் மாருதி ஸ்விஃப்டைத்தான் சொல்வேன். 2024-இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்விஃப்டின் சக்தி சுமார் 82 குதிரைத்திறன். எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. அதில் டர்போ இல்லை என்பது குறையாகத் தோன்றலாம். பழகுபவருக்கு அதுதான் பெரிய உதவி. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அந்த அளவுக்கு, அப்போதே இழுக்கும். டர்போ இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே சோம்பி இருந்துவிட்டு, அதைத் தாண்டியதும் திடீரென்று பாயும். கிளட்ச்சோடு போராடிக்கொண்டிருக்கும் காலுக்கு அந்தப் பாய்ச்சல் கூடுதல் தொல்லை. கால் பழகிய பிறகு டர்போவுக்குப் போகலாம்.

பழைய வண்டி வாங்குவதென்றால் 2015-இல் வந்த ஃபியட்டின் அபார்த் புன்டோவும் (145 குதிரைத்திறன்) 2017-இல் வந்த மாருதி பலேனோ ஆர்எஸ்ஸும் கண்ணில் படலாம். முதலாவது மனத்தைக் கவரும் கார்தான். ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. உதிரி பாகத்துக்கு அலையத் தயாராக இருப்பவர்கள் மட்டும் வாங்கட்டும். எந்தப் பழைய மேனுவல் காரானாலும் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். காலியான சாலையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். மீட்டரில் சுற்று மட்டும் ஏறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

தினமும் காலையும் மாலையும் சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து போக வேண்டியவராக இருந்தால், இந்த ஆசையை இரண்டாவது காருக்கு ஒத்திவைக்கலாம். நெரிசலில் ஒரு மணி நேரம் கிளட்ச் மிதிப்பதில் எந்த இன்பமும் இல்லை.

இரண்டாம் படி: உட்காரும் விதம்

இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. முதுகையும் இடுப்பையும் இருக்கையோடு ஒட்டி உட்காருங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையில் இடது முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். முழுதாக நீண்டுவிட்டால் இருக்கையை முன்னே நகர்த்துங்கள். பிறகு தோள் இருக்கையை விட்டு எழாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும்.

காலில் அடிப்பகுதி மெல்லிய ஷூ போதும். பின்பக்கம் பிடிமானமில்லாத செருப்பு வேண்டவே வேண்டாம். அது கழன்று பிரேக் மிதிக்கு அடியில் சிக்கும். தரைவிரிப்பு முன்னால் நகர்ந்து மிதிகளைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: கிளட்ச் பிடிக்கும் இடம்

எல்.எல்.ஆர். வாங்கி, பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, வண்டியின் முன்னும் பின்னும் ‘எல்’ பலகை ஒட்டிய பிறகுதான் சாலையில் இறங்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டிகளில் பயிற்சியாளர் பக்கமும் மிதிகள் இருக்கும். நமக்குத் தெரியாமல் அவரே கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருப்பார். வண்டி அணையாமல் போகும். நாமும் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்வோம். “கிளட்ச்சை நீங்கள் தொடாதீர்கள் சார், அணைந்தால் அணையட்டும்” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

சமதளமான காலி மைதானம் போதும். கிளட்ச்சை முழுதாக மிதித்து முதல் கியர் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். வலது கால் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். பிரேக் மேல் மிதிக்காமல் இருக்கட்டும். இப்போது கிளட்ச்சை மிக மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். மிதி கொஞ்ச தூரம் வெறுமனே மேலே வரும். பிறகு ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றுத் தணியும், உள்ளங்காலில் லேசான அதிர்வு தெரியும், முன்பக்கம் இம்மியளவு அசையும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கே காலை நிறுத்துங்கள். வண்டி தானாக ஊரத் தொடங்கும். ஊரத் தொடங்கிய உடனே காலை எடுத்துவிடுவதால்தான் பெரும்பாலும் வண்டி உதறி அணைகிறது. ஒரு மூச்சு விடும் நேரம் அங்கேயே வைத்திருந்து, பிறகு மீதியை விடுங்கள்.

கால் தானாக அந்த இடத்தில் போய் நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு ஆக்சிலரேட்டரைச் சேர்க்கலாம். சிறிய டர்போ இன்ஜின்களுக்கு அடிச்சுற்றில் வலு குறைவு என்பதால், கிளட்ச் பிடிக்கும்போதே சுற்று 1,500-ஐ ஒட்டி இருக்கும்படி லேசாக மிதித்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: கியர் ஏற்றுவது

கியர் லீவரை முஷ்டியால் இறுக்கிப் பிடிப்பதுதான் பல கோளாறுகளுக்கும் தொடக்கம். லீவருக்கு ஸ்பிரிங் இருக்கிறது. நியூட்ரலில் விட்டால் அது தானாக நடுவில், மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வரிசையில், வந்து நிற்கும். வண்டியை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஒன்று, இரண்டுக்குப் போகும்போது உள்ளங்கை இடப்பக்கம் பார்த்து, கட்டைவிரல் கீழே இருக்க, லீவரை உங்களை விட்டு விலக்கித் தள்ளுங்கள். மூன்று, நான்குக்கு உள்ளங்கையால் நேரே தள்ளினால், இழுத்தால் போதும். பக்கவாட்டில் எதுவும் செய்யாதீர்கள், ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஐந்துக்கு உள்ளங்கை உங்களைப் பார்க்க, உங்கள் பக்கம் கொண்டுவந்து மேலே தள்ளுங்கள்.

இது எதற்கு என்றால், வேகமாகப் போகும்போது ஐந்திலிருந்து நான்குக்கு இறங்குவதாக நினைத்து லீவரைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் அது இரண்டில் போய் விழக்கூடும். இன்ஜின் அந்த நொடியே தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளை மட்டும்தான் நிறுத்த முடியும். சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுவதை நிறுத்த முடியாது. வால்வு வளையும் அளவுக்குச் செலவு வைக்கும் தவறு இது. கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

எப்போது மாற்றுவது? மீட்டரைப் பார்த்துத் தொடங்கி, காதால் கேட்டு முடிக்க வேண்டிய பாடம் இது. நகருக்குள் 2,000 முதல் 2,500 சுற்று போதும். நான்காவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டி குமுறினால், அது கீழ் கியர் கேட்கிறது. கொடுத்துவிடுங்கள். மாற்றி முடித்ததும் கையை ஸ்டீயரிங்குக்கும் காலை இடப்பக்க ஓய்வுப் பலகைக்கும் கொண்டுவந்துவிடுங்கள். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் தட்டு தேய்ந்துகொண்டே போகும்.

ஐந்தாம் படி: ஏற்றத்தில் நின்று கிளம்புவது

மேம்பாலத்தில் நெரிசல், பின்னால் ஒட்டி நிற்கும் ஆட்டோ. பலருக்கும் இதுதான் பயம். புதிய கார்கள் பலவற்றில் வண்டி பின்னோக்கி உருளாமல் சில நொடி பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இருந்தாலும் ஹேண்ட் பிரேக் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் 2,000 சுற்றுவரை ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பக்கம் சற்று எழும்பும். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி முன்னோக்கி மட்டுமே போகும்.

பாதி கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். கருகிய வாடை வந்தால் அது உங்கள் கிளட்ச் தட்டுதான்.

ஆறாம் படி: கியர் இறக்கும்போது சுற்றை ஒத்துப்போகச் செய்வது

மேனுவல் காரை விரும்புகிறவர்கள் எதற்காக விரும்புகிறார்கள் என்று இங்கேதான் புரியும். மூன்றாவது கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு ஏறத்தாழ 3,000 சுற்று தேவை. வெறுமனே கியரை இறக்கிக் கிளட்ச்சை விட்டால், குறைந்துள்ள 1,000 சுற்றைச் சக்கரங்கள்தான் இன்ஜினுக்குத் தர வேண்டும். வண்டி மூக்கைக் குத்தி உதறும். மழையில், வளைவில், முன்சக்கரம் பிடி இழக்கவும் கூடும்.

அந்த 1,000 சுற்றை நீங்களே கொடுத்துவிடலாம். கிளட்ச்சை மிதித்து லீவரை இரண்டுக்கு இழுக்கும்போதே வலது காலால் ஆக்சிலரேட்டரை ஒரு முறை சுருக்கென்று தட்டுங்கள். சுற்று எழும்பி 3,000-ஐத் தொடும் கணத்தில் கிளட்ச்சை விடுங்கள். சரியாக அமைந்தால் கியர் மாறியதே உடம்புக்குத் தெரியாது. சத்தம் மட்டும் மாறியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை முன்னே ஆடியதா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் கைவந்துவிட்டது.

பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரையும் தட்டும் வித்தையைப் பந்தய ஓட்டுநர்கள் செய்கிறார்கள். பொதுச்சாலையில் அதைப் பழக வேண்டாம். பிரேக் மிதியில் கால் தவறினால் அடுத்தவர் உயிர்.

ஏழாம் படி: மலைச்சாலை

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது கியர். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது தவறான நம்பிக்கை. இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கடைசியில் மிதித்தாலும் நிற்காத நிலை வரும்.

வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே பிரேக்கையும் கியரையும் முடித்துவிடுங்கள். வளைவுக்குள் கிளட்ச் மிதிக்க வேண்டாம். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். அது நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கடினம் என்று ஐந்தாம் படியில் பார்த்தோம்.

டர்போ வண்டியாக இருந்தால், மலையேறி முடித்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடான டர்போவுக்கு அதுவரை எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைத்த பிறகு முதல் கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு இறங்குங்கள். வண்டியின் முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் முதல் கியருக்குப் பதில் ரிவர்ஸ்.