கேம் மாஸ்டரின் குறிப்புகள் தொலைந்துபோனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை ராத்திரி ஆட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் ரோல்பிளேயிங் கேம், அதில் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். வியாழக்கிழமை சாயங்காலம் போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்தால், இரண்டரை வருடமாக நான் நடத்திக்கொண்டிருக்கும் கேம்பெய்னின், அதாவது அந்தத் தொடர்கதையின், ஃபோல்டரைக் காணோம். உடனே ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். அதில் போன வாரம் வரைக்குமான எல்லாமே இருந்தது, இடது பக்கத்தில் ஊர்கள், ஆட்கள், செஷன்கள் (ஒவ்வொரு முறை கூடி ஆடியது) என்று வரிசையாகத் தலைப்புகள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வைஃபை இணைந்துவிட்டது. நாலைந்து வினாடிதான், மேலிருந்து கீழாக ஒவ்வொரு தலைப்பாக மறைந்தது. போனில் நடந்த அழிப்பை லேப்டாப்பும் வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருந்த நல்ல பிரதியையும் அழித்துவிட்டது.

நான் செய்த தவறுகளிலேயே பெரியது அதுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். குறிப்புகள் காணாமல் போனதும் பதற்றத்தில் வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிகளையும் திறந்து பார்க்காதீர்கள். பழைய டேப்லெட், மூன்று வாரமாகத் தொடாத லேப்டாப், மாற்றிப் போட்ட போன், இப்படி எதிலாவது பழைய பிரதி அப்படியே தூங்கிக்கொண்டிருக்கலாம், இணையம் கிடைத்த நிமிடம் அது போய்விடும். முதலில் ரவுட்டரை அணையுங்கள். போனாக இருந்தால் அது போதாது, மொபைல் டேட்டா இருக்கிறதே, சிம்மைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்புறம் ஏரோபிளேன் மோடில் வைத்து ஆப்பைத் திறந்து, தெரிவதையெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டிப் பென் டிரைவில் போடுங்கள். ஒட்ட முடியாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதுவும் இல்லையென்றால் இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, படிக்க முடிந்தால் சரி.

அதற்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்து, எந்தக் கணக்கில் உள்ளே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். "எல்லாம் போச்சு" என்று எனக்கு போன் செய்த ஒரு நண்பர் ஆபீஸ் மெயில் கணக்கில் இருந்தார், அவருடைய கேம்பெய்ன் சொந்தக் கணக்கில் பத்திரமாக இருந்தது.

அடுத்தது, டிராஷைப் பார்க்கத் தாமதிப்பது. அழித்தவை கொஞ்ச நாள் ஓர் ஓரமாகக் கிடக்கும், ஆனால் அந்த நாள் கணக்கு ஆப்புக்கு ஆப்பு வேறு. கூகுள் டிரைவின் டிராஷில் 30 நாள். ஐபோனின் நோட்ஸில் "சமீபத்தில் நீக்கியவை" என்ற ஃபோல்டரிலும் 30 நாள். கூகுள் கீப்பில் வெறும் 7 நாள்தான், இது நிறையப் பேருக்குத் தெரியாது, மாதம் ஒருமுறை ஆடுகிற குழு என்றால் தொலைந்தது தெரிவதற்குள்ளேயே கெடு முடிந்திருக்கும். கோப்பு இருக்கிறது, உள்ளே இருந்த எழுத்துதான் காணோம் என்றால் டிராஷில் தேடிப் பயனில்லை, பழைய பதிப்புகளைத் தேட வேண்டும். கூகுள் டாக்ஸை கம்ப்யூட்டரில் திறந்தால் ஃபைல் மெனுவிலேயே வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. அப்சிடியன் என்ற குறிப்பு ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் செட்டிங்ஸில் ஃபைல் ரிகவரி என்ற பகுதிக்குப் போங்கள், நீங்கள் எதையும் மாற்றியிருக்காவிட்டால் 5 நிமிட இடைவெளியில் எடுத்த பிரதிகளை அது 7 நாள் வைத்திருக்கும், ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக. விண்டோஸில் ஒன்நோட் டெஸ்க்டாப் ஆப் வைத்திருப்பவர்களுக்கு அது தானாகவே கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு, ஃபைல் மெனுவில் ஓபன் பேக்கப்ஸ் என்று தேடுங்கள்.

கம்ப்யூட்டரில் இருந்த கோப்பையே நிரந்தரமாக அழித்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. பழைய ஹார்ட் டிஸ்கில் கோப்பை அழித்தால் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, எழுத்து உடனே போகாது, புதிதாக ஏதாவது அதன் மேல் எழுதப்படும்போதுதான் போகும். இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்பு மென்பொருளைத் தேடி, அதை அதே டிஸ்கிலேயே டவுன்லோடு செய்து, அதே டிஸ்கிலேயே இன்ஸ்டால் செய்கிறார்கள், எதை மீட்க வந்தார்களோ அதன் மேலேயே எழுதிவிடுகிறார்கள். வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் வைத்து ஓட்டுங்கள், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே போதும், பெயர் அப்படி இருந்தாலும் அது படங்களை மட்டுமல்ல, ஆவணங்களையும் மீட்கும். இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு, டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே உண்மையாகவே துடைத்துவிடும். அதற்காக ஒரு முழு ராத்திரியைச் செலவழிக்காதீர்கள்.

சரி, எதுவும் கிடைக்கவில்லை. இப்போது செய்யக்கூடிய தவறு பிளேயர்களிடம் மறைப்பது.

எனக்கும் மறைக்கத்தான் தோன்றியது. ஐந்து பேர் வாராவாரம் வேலையை முடித்துக்கொண்டு, ஒருவர் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, இன்னொருவர் நைட் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வருகிறார்கள், அவர்களிடம் போய் உங்கள் கதையை நான் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் மறைத்து ஆடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள், உங்களுக்கு யார் என்று தெரியாது, மழுப்புவீர்கள். போன வருடம் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த பூசாரி இன்றைக்கு அவர்களை அடையாளமே தெரியாதவர்போலப் பேசுவார். அவர்கள் அதை ஒரு துப்பு என்று எடுத்துக்கொண்டு, பூசாரியை யாரோ மயக்கிவிட்டார்கள் என்று இரண்டு செஷன் துரத்துவார்கள். சொல்லிவிடுவது நல்லது. நான் வெள்ளிக்கிழமை காலையில் குழுவில் மூன்று வரி எழுதினேன்: குறிப்புகள் எல்லாம் போய்விட்டன, ஆட்டம் நிற்காது, உங்கள் ஞாபகம் எனக்கு வேண்டும். பத்து நிமிடத்தில் ஒருவர் தன் நோட்டுப் புத்தகத்தின் 11 பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். அவர் எழுதிவைக்கிறார் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

உதவி கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. "யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது, எல்லோரும் மற்றவர் சொல்வார் என்று இருந்துவிடுவார்கள். குறிப்பாக, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். உன் கேரக்டர் யாரை நம்புகிறது? யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? கொடுத்து இன்னும் நிறைவேற்றாத வாக்கு என்ன? கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் திறமை, உடைமைகளை எழுதிவைக்கும் தாள்) இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது? கடைசிக் கேள்விதான் புதையல். எங்கள் ரோக்கின் (திருட்டுத் திறமையுள்ள பாத்திரம்) ஷீட்டில் "வெள்ளிச் சாவி, துறைமுகம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்ததும், சாவியைக் கொடுத்த சுங்கக் கிழவி, அவள் கேட்ட விலை, மழை பெய்துகொண்டிருந்த அந்தப் படித்துறை, படகோட்டி ஏன் வலது கையை மறைத்தான் என்பது வரைக்கும் ஒவ்வொன்றாக வந்தது. அரை மணி நேரத்தில் நாலு செஷன் திரும்பக் கிடைத்தது.

நீங்களே மறந்துவிட்ட இடங்களிலும் எழுத்து கிடக்கும். வாட்ஸாப் குழுவில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், செஷன் முடிந்த ராத்திரி யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள். போன் கேலரியில் மேசையின் படங்கள் இருக்கும், சண்டை வரைபடமும் மினியேச்சர்களும் இருக்கும் ஒரு படம் அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லிவிடும், தேதியும் கூடவே கிடைக்கும். டிஸ்கார்டில் ஆடுகிறவர்கள் பழைய செய்திகளைத் தேடலாம், இணையத்தில் இந்த ஆட்டத்தை ஆட உதவும் ரோல்20-இல் ஆடுகிறவர்களுக்கு சாட் ஆர்க்கைவ் இருக்கிறது, உருட்டிய டைஸ் உட்பட.

ஞாபகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். எங்கள் சுங்கக் கிழவியின் பெயரை ஒருவர் மரெத் என்றார், இன்னொருவர் மார்த்தா என்று அடித்துச் சொன்னார். உண்மையில் எது என்று எனக்கே நினைவில்லை. இங்கே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது நிஜமாகவே யாரையோ புண்படுத்தும், ஏனென்றால் அவர் அதை அவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தார். துறைமுகத்து மக்கள் அவளை மரெத் என்பார்கள், மேட்டுத் தெருவில் மார்த்தா என்பார்கள், ஏன் இரண்டு பெயர் என்பது இப்போது எங்கள் கதையில் ஒரு கேள்வி. ஆனால் தங்கம், லெவல், மந்திரப் பொருளில் மீதியிருக்கும் சார்ஜ் (இன்னும் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பது) போன்ற கணக்கு விஷயங்களில் இந்த நெகிழ்வு வேண்டாம். அவரவர் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது, நானும் ஒரு ராத்திரி விழுந்தேன்: தொலைந்த எல்லாவற்றையும் திரும்ப எழுத உட்காருவது. விடியற்காலை இரண்டு மணிவரை ஒரு ராஜவம்சத்தின் ஏழு தலைமுறையை நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன், அந்த வம்சத்தைப் பற்றி மேசையில் ஒரு வார்த்தைகூட யாரும் பேசியதில்லை. மறுநாள்தான் புரிந்தது, தொலைந்ததை மூன்றாகப் பிரிக்க வேண்டும். மேசையில் சொன்னது, ஜாடையாகக் காட்டியது, என் தலைக்குள் மட்டும் இருந்தது. முதலாவதை மீட்டே ஆக வேண்டும், பிளேயர்கள் அதன்மேல் நின்றுதான் முடிவெடுக்கிறார்கள். இரண்டாவதில் அவர்கள் கவனித்தது மட்டும் போதும், அவர்கள் கவனிக்காத ஜாடை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுவிடுங்கள். விடுவது வலிக்கும், எனக்கு அந்த ஏழு தலைமுறைமேல் அவ்வளவு ஆசை. ஆனால் நம் பிளேயர்களுக்கு அந்த வம்சம் இன்னும் பிறக்கவே இல்லை.

என் வில்லன் ஏன் அந்த அணையை உடைக்கப் பார்க்கிறான் என்ற காரணம் மூன்றாவது வகையில் போய்விட்டது. எவ்வளவு யோசித்தும் பழைய காரணம் வரவில்லை. வார்லாக் என்ற மந்திரவாதிப் பாத்திரத்தை ஆடும் தோழியிடம் மற்ற விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "அணைக்கு அடியில் அவனோட ஊர் மூழ்கிக் கிடக்குன்னு நான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, குறித்துக்கொண்டேன். எட்டு செஷன் கழித்து அவளே அந்தத் தண்ணீருக்கடியில் கோயில் மணியைக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அரக்கர்களின் ஸ்டாட் பிளாக்குகளை, அதாவது அவற்றின் பலத்தையும் தாக்குதலையும் சொல்லும் எண் பட்டியல்களை, திரும்பத் தட்டச்சு செய்வதும் வீண் வேலை. இந்த வகை ஆட்டங்களில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. கோப்ளின் முதல் டிராகன் வரை பெரும்பாலானவை அதில் இலவசமாகவே இருக்கின்றன. பெயரை மாற்றி, ஒரு குணத்தைச் சேர்த்தால் உங்கள் அரக்கன் தயார்.

தொலைத்தபின் வரும் முதல் செஷனில் அரசியல் சதியையும் பழைய பகையையும் கொண்டுவராதீர்கள், அதற்குத்தான் குறிப்புகள் வேண்டும். மூடிய இடத்தில் நடக்கும் சின்னக் கதை போதும். நான் ஒரு படகுப் பயணம் வைத்தேன், ஒரே படகு, ஆறு பயணிகள், இரண்டு நாள் தண்ணீர், சரக்கு அறையில் ஒரு சத்தம். பயணிகளில் ஒருவர் கேட்பதற்காக நம் ஆட்களே தங்கள் பழைய கதைகளைச் சொல்லும்படி ஆயிற்று, நான் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனையையும் எழுதிக்கொண்டேன்.

இனிமேல் எப்படி வைத்துக்கொள்வது என்பதில் இரண்டு தவறுகள் மட்டும் சொல்கிறேன். ஒன்று, மறுநாளே புதிய ஆப்புக்கு மாறி நாற்பது டெம்ப்ளேட் போடுவது, ஒரு மாதத்தில் அலுத்துப்போய் அதுவும் பாதியில் நிற்கும். இன்னொன்று, சிங்க் ஆவதை பேக்கப் என்று நம்புவது. சிங்க் என்பது எல்லாக் கருவியிலும் ஒரே நிலையை வைப்பது, அழித்தால் எல்லா இடத்திலும் அழிப்பது, என் லேப்டாப் அன்றைக்குச் செய்த மாதிரி. பேக்கப் என்றால் அழிப்பு போய்ச் சேராத ஒரு பிரதி. நான் இப்போது ஒவ்வொரு செஷன் முடிந்ததும் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதி பிளேயர் குழுவில் போட்டுவிடுகிறேன், ரகசியங்களை எடுத்துவிட்டுத்தான், அதனால் ஆறு போன்களில் ஒரு பிரதி இருக்கிறது. ரகசியங்கள் மாதக் கடைசியில் டெக்ஸ்ட் கோப்பாகப் பென் டிரைவுக்குப் போகும். ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை காப்பி செய்யாதீர்கள், பிரதி கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. 11-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே பேக்கப் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எடுத்துவைத்த பிரதியை ஒருமுறையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். என் முதல் மாதக் கோப்பு திறந்தது, ஆனால் தமிழில் எழுதிய இடமெல்லாம் கேள்விக்குறிகளாக இருந்தது. மூலக் குறிப்பிலிருந்து மறுபடி எடுத்து, தமிழ் எழுத்தையும் காப்பாற்றும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தபின் சரியானது.