பழைய கேரவன் வேன் வாங்கியிருக்கிறீர்களா? முதல் ராத்திரி உங்கள் வாசலிலேயே தங்குங்கள்

போன தை மாதம் மன்னார்குடி பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய வேன் வந்து சேர்ந்தது. உள்ளே படுக்கை, சின்னச் சமையல் மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் உண்டு. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. இரண்டு கை மாறிய வண்டி. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். வாசலில் ஏதாவது கெட்டால் அடுத்த தெருவில் ஹார்டுவேர் கடை இருக்கிறது. கோடியக்கரையில் ராத்திரி பத்து மணிக்கு யாரைப் போய்த் தேடுவது?

படி 1: கரண்ட்

இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று உள்ளே லைட், ஃபேன், பம்புக்கு. இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து பெயின்ட்டால் குறி வையுங்கள்.

அப்புறம் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானதே போதும். சார்ஜ் ஏற்றாமல், எதையும் ஓடவிடாமல் சில மணி நேரம் விட்டு உள் பேட்டரியை அளங்கள். லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து மறுபடி அளங்கள். 13.8-க்கு மேல் ஏறினால் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது இன்ஜின் சுற்றும் ஜெனரேட்டரிலிருந்து, சார்ஜ் வருகிறது. முள் அசையவில்லை என்றால் இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் ஃபியூஸையும், தானாக இணைத்து விலக்கும் ஸ்விட்சான ரிலேயையும் பாருங்கள்.

கணக்கு எளிதுதான். பேட்டரியின் கொள்ளளவை ஏ.எச். (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) என்று எழுதியிருப்பார்கள். 100 ஏ.எச். பேட்டரியில் தாராளமாக எடுக்கக்கூடியது 50. இரண்டு ஆம்பியர் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் அதில் 20 போய்விடும். 500 வாட் மிக்சியை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது அணைகிறது என்று பார்த்து அங்கேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு மணி நேர வேலைதான். இந்த வண்டியில் நான் செய்ததிலேயே அதிகம் பயன்பட்டது அந்தச் சீட்டுதான்.

படி 2: தண்ணீர்

பழைய டேங்கில் பாசி வாடை வரும். 100 லிட்டருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி டேங்கை நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச்சிங் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் வடித்துவிட்டு, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். வடிக்கும் தண்ணீரை வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள்.

இந்த பம்பு குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். எங்கள் வண்டியில் முதல் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, எந்தக் குழாயும் திறக்காமலே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'டர்ர்' என்று ஓடி நின்றது. எங்கோ அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். எல்லா இணைப்புக்கும் அடியில் பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாக விரித்தேன். விடியும்போது சிங்குக்கு அடியில் இருந்த துண்டில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். வாஷர் கல்லாகிக் கிடந்தது. காகிதம் எதுவும் நனையாவிட்டால் பம்புக்குள் இருக்கும் வால்வு தண்ணீரை டேங்குக்கே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள்.

படி 3: கேஸ்

ட்யூபில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி விட்டால் கசிவு. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால் தரையோரம் உள்ள காற்றுத் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும்.

படி 4: கூரை

ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருங்கள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிஷம் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று தெரியாது. உள்பக்க ப்ளைவுட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் அது ஊறிப்போன இடம்.

படி 5: டயரும் உயரமும்

டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்ப வேண்டாம். சோலார் பேனலையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நம்ம ஊர்ச் சாலைகளில் தாழ்ந்த கிளையும் ஒயரும் ஏராளம். மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் கரையோரம் நிறுத்த வேண்டாம். மண் ஊறியிருக்கும், டேங்கில் உள்ள 100 லிட்டரே 100 கிலோ.

இவ்வளவும் முடிந்ததும் குடும்பத்தோடு ஒரு ராத்திரி வாசலில் தங்குங்கள். வீட்டுக் கரண்டைத் தொடக்கூடாது. சமைத்து, குளித்து, ஃபேன் போட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்ததும் பேட்டரியை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 12.3 இருந்தால் அந்த வாரமே கல்லணைக்குக் கிளம்பலாம்.