கொழும்பில் குடியேறுவோருக்கு: ஏசியும் கடற்காற்றும்

வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வருவோர் பெரும்பாலும் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வீடு பார்க்கிறார்கள். தமிழ் பேசியே காலம் தள்ளலாம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. மின்சாரம் இங்கும் 230 வோல்ட்தான் என்றாலும், 13 ஆம்பியர் சதுர முள் சாக்கெட்டில் நம்மூர் வட்ட முள் பிளக் நுழையாது. கட்டணம் மாதந்தோறும் வரும். 180 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு இணைப்புக்கான மிக உயர்ந்த படிநிலைக்குள் போய்விடுவீர்கள். முதல் நூறு யூனிட் இலவசம் என்ற நினைப்பை மீனம்பாக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வருவது நல்லது.

ஏசி ஓடியும் அறை குளிரவில்லையென்றால், ரிமோட்டில் பனித்துகள் குறி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். உள் யூனிட்டிலிருந்து சுவரில் நீர் வடிந்தால், இந்த ஊர் ஈரப்பதத்தில் வடிகுழாய்க்குள் பாசி பிடித்து அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளிமுனையிலிருந்து உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஒருமுறை தூக்கிவிடலாம், மறுபடியும் விழுந்தால் எலெக்ட்ரீஷியனைத்தான் அழைக்க வேண்டும். வெளி யூனிட்டின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம், ஏனெனில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இவையெல்லாம் எளிது. பணத்தை விழுங்குவது "கேஸ் இறங்கிவிட்டது" என்ற பேச்சுதான். கடலைப் பார்த்த மாடி வேண்டுமென்று மெரைன் டிரைவ் பக்கம் குடிபோன என் நண்பரின் வீட்டில் ஏசி மந்தமானதும், கட்டடக் காவலாளி மூலம் வந்த ஒருவர் கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பொருத்திப் பார்த்து, கேஸ் நிரப்பிப் பணம் வாங்கிப் போனார். சில வாரங்களில் பழைய கதை திரும்பியது. அதே ஆள் வந்தார், அதே பதிலைச் சொன்னார், மறுபடியும் பணம் வாங்கினார். வீட்டைக் காலி செய்தபோது, வெளி யூனிட்டின் காயில் (கேஸ் ஓடும் செப்புக் குழாயும் தகடுகளும் சேர்ந்த பகுதி) பழுதாகிவிட்டது என்று உரிமையாளர் முன்பணத்திலும் கை வைத்தார். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதன்று. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலின் உப்பை நேராக வெளி யூனிட்டின் மீது கொண்டுவந்து வீசுவதால், அலுமினியத் தகடுகள் வெண்பொடியாக உதிர்ந்து, செப்புக் குழாயின் வளைவுகள் பச்சை பூத்து அரிக்கத் தொடங்கும். பெசன்ட் நகரில் இருந்தவர்களுக்கு இது புதிதன்று, கோயம்புத்தூர்க்காரர்கள்தாம் ஏமாறுகிறோம். நண்பரின் யூனிட்டில் ஓர் இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் கறுப்பாகத் தெரிந்தன. கம்ப்ரெசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே வெளியேறுவதால் கசிவு பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டிக் கொடுக்கும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி கிளம்பும்.

ஆகவே யார் வந்தாலும், கேஸ் போடும் முன் கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்த பிறகு வேக்குவம் பம்பை வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, வெளி யூனிட்டின் பெயர்ப்பலகையில் அச்சிட்டுள்ள எடைக்கே, தராசு வைத்து நிரப்ப வேண்டும். பலகையில் கேஸின் பெயர் ஆர்32 என்றிருந்தால் அது தீப்பற்றக்கூடியது. உள்ளே கேஸ் மிச்சமிருக்கும்போது குழாயை நெருப்பு வைத்து ஒட்ட விடாதீர்கள். தராசும் பம்பும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தோளில் சுமந்து வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், அவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி.

கடலோர வீடானால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை வெளி யூனிட்டை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரை வைத்துக்கொண்டே அந்த யூனிட்டைப் பின்புறத்திலிருந்தும் படமெடுத்து, காயில் மாற்றும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.