பிரிட்டிஷ் தொடரை அமெரிக்காவில் எடுக்கும்போது எங்கே சறுக்குகிறது?

பிரிட்டிஷ் தொடரை அமெரிக்க நெட்வொர்க்குக்கு மாற்றுவதில் நடக்கும் தவறுகளில் பாதி, முதல் நாளே கடிகாரத்தைப் பார்க்காததால் வருபவை. பிபிசியில் விளம்பரம் கிடையாது. அரை மணி நேரக் காமெடி அங்கே ஏறக்குறைய 29 நிமிடம் ஓடும். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ் எதுவானாலும் அதே அரை மணியில் விளம்பரம் போக மிஞ்சுவது 21, 22 நிமிடம்தான். கையில் இருக்கும் ஸ்கிரிப்டில் கால்வாசி போயாக வேண்டும். எந்தக் கால்வாசி என்பதில்தான் தொடரின் தலையெழுத்து இருக்கிறது.

இதற்கு ‘கப்ளிங்’கை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ முடியப்போகிற நேரத்தில், அதன் இடத்தைப் பிடிக்கும் என்று 2003இல் என்பிசி இறக்கிய தொடர். பிபிசிக்காக ஸ்டீவன் மொஃபட் எழுதிய மூல ஸ்கிரிப்டையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார்கள். நான்கு எபிசோடுகளோடு ஒளிபரப்பு நின்றது. மொஃபட்டின் எழுத்து கடிகாரப் பொறி மாதிரி: நாலாவது நிமிடத்தில் யாரோ தவறாகப் புரிந்துகொண்ட ஒரு சொல் இருபத்தைந்தாவது நிமிடத்தில் வெடிக்கும். அதில் ஏழு நிமிடத்தை வெட்ட உட்காருபவர் சிரிப்பு வராத வரிகளைத்தான் முதலில் அடிப்பார். வெடிக்கான திரியே அந்த வரிகள்தான். திரியைக் கிள்ளிவிட்டு வெடியை மட்டும் வைத்தால் புகைகூட வராது.

ஆகவே வசனத்தை அங்கங்கே சுரண்டக் கூடாது. எபிசோடில் ஓடும் கிளைக்கதைகளில் ஒன்றை முழுதாகத் தூக்கிவிட்டு, மிச்சத்தைப் புதிதாக அடுக்க வேண்டும். நெட்வொர்க் காமெடிக்கு ஒரு குட்டி முன்காட்சி, இரண்டு அல்லது மூன்று பகுதி, கடைசியில் ஒரு வால்காட்சி என்று வடிவம் உண்டு. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னாலும் பார்ப்பவரை உட்கார வைக்க ஒரு கொக்கி தேவை. பிபிசி ஸ்கிரிப்டில் அந்தக் கொக்கிகள் இருக்காது. அது மெல்ல ஏறிக் கடைசியில் ஒரேயடியாக விழுவதற்கு எழுதப்பட்டது. காட்சிகளை அட்டையில் எழுதி, இடைவேளை எங்கே விழும் என்று முடிவு செய்த பிறகே வசனத்தைத் தொட வேண்டும்.

ஆறு எபிசோடுக்குப் பிறந்த ஆள்

பிரிட்டனில் ஒரு சீசன் என்றால் ஆறு எபிசோடு சகஜம். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து முழுவதையும் எழுதிவிடுவார்கள். அமெரிக்க நெட்வொர்க்கின் முழு சீசன் வழக்கமாக 22. மறுஒளிபரப்புக்கு விற்று லாபம் பார்க்க, சுமார் 100 எபிசோடு என்பது பழைய கணக்கு. தொடர் முழுவதற்கும் பொறுப்பான தலைமை எழுத்தாளராக ஒரு ஷோரன்னர், அவருக்குக் கீழே எழுத்தாளர் குழு என்று வைக்காமல் இதைத் தாண்ட முடியாது.

‘தி ஆபீஸ்’ பிரிட்டனில் மொத்தம் 14 எபிசோடு, அமெரிக்காவில் 201. பிரிட்டிஷ் பதிப்பின் டேவிட் பிரெண்ட் போன்ற மேலாளரைப் பதினான்கு முறை பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம். வருஷத்துக்கு இருபத்திரண்டு வாரம் அவரை வீட்டுக்குள் விட யாருக்கும் மனசு வராது. 2005 மார்ச்சில் வந்த அமெரிக்க முதல் எபிசோடு, ஜெல்லிக்குள் வைத்த ஸ்டேப்ளர் உட்பட, மூலத்தை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்தது. தன் காலில் நின்றது இரண்டாவது எபிசோடுதான்: அலுவலகத்தில் இனப் பாகுபாடு பற்றிய பயிற்சி வகுப்பு என்ற அந்தக் கதை மூலத்தில் கிடையாது. இரண்டாவது சீசனில் ஷோரன்னர் கிரெக் டேனியல்ஸ் அமெரிக்க மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கொஞ்சம் இளக்கினார். ஆள் அசடுதான், ஆனால் விற்பனை என்று வந்தால் கெட்டிக்காரன் என்று காட்டினார். சுற்றி உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு ஆட்களுக்கும் கதை கொடுத்தார். பைலட் என்ற மாதிரி எபிசோடை எடுப்பதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். முப்பது எபிசோடுக்கு ஒற்றை வரிக் கதை எழுதிப் பாருங்கள். இருபதுக்கு மேல் நாயகன் ஒருவரையே சுற்றி வந்தால், துணைப் பாத்திரங்கள் இன்னும் தயாராகவில்லை.

2021இல் சிபிஎஸ்ஸில் தொடங்கிய ‘கோஸ்ட்ஸ்’ இதை முதலிலேயே சரியாகச் செய்தது. பிபிசி மூலத்தில் கால்சட்டை இல்லாமல் அலையும் பேய் ஒரு கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி. பிரிட்டிஷ் ரசிகருக்கு விளக்கமே தேவையில்லை; அந்தக் கோலம் பாலியல் விவகாரத்தில் மாட்டிய அரசியல்வாதியைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் அந்தப் பேய் வால் ஸ்ட்ரீட் ஆசாமி. கால்சட்டை ஏன் இல்லை என்பதற்கும் வேறு காரணம் வைத்தார்கள்: மற்றவர்கள் வம்பு செய்து கால்சட்டையைப் பிடுங்கிக்கொண்ட ஒரு சக ஊழியனுக்குத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தவன் அவன். நகைச்சுவை அப்படியே இருக்கிறது, ஆளைப் பல வருஷம் நேசிக்க ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

வர்க்கத்தை மொழிபெயர்க்க முடியாது

பிரிட்டிஷ் காமெடியின் அடியில் பெரும்பாலும் வர்க்கம் இருக்கும். ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று அங்கே தெரிந்துவிடும். அமெரிக்க உச்சரிப்பில் அந்தப் படிக்கட்டு அவ்வளவு துல்லியமாகக் கேட்காது. ‘ஃபால்டி டவர்ஸ்’ மொத்தமே 12 எபிசோடு. மேட்டுக்குடி விருந்தாளிக்குக் குழைந்து, சாதாரண ஆளைக் கடித்துக் குதறும் ஓட்டல்காரரின் கதை. 1983இல் ஏபிசி எடுத்த ‘அமண்டாஸ்’ அந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து, கணவன் மனைவி மோதலையும் நீக்கியது. 1999இல் சிபிஎஸ் ‘பெய்ன்’ என்று மறுபடி முயன்றது. இரண்டும் சீக்கிரமே மூடப்பட்டன.

வர்க்கத்துக்கு ஈடாக அந்த ஊரில் எது புண்ணாக இருக்கிறது என்று தேடியவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டிஷ் தொடரான ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’னில் லண்டனில் குதிரை வண்டியில் பழைய சாமான் பொறுக்கும் அப்பாவும் மகனும், 1972இல் என்பிசியின் ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’னில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினத்தவர்களாக மாறினார்கள். ‘ஷேம்லெஸ்’ மான்செஸ்டரின் அரசுக் குடியிருப்பை விட்டுச் சிகாகோவின் தெற்குப் பகுதிக்குப் போனது. அங்கே அரசு உதவித்தொகையும் இலவச மருத்துவமும் அந்த அளவுக்குத் தாங்கிப் பிடிக்காது என்பதால் அதே வறுமைக்கு வேறு கனம் வந்தது; 11 சீசன் ஓடியது.

‘ஷேம்லெஸ்’ வந்தது ஷோடைம் என்ற கட்டணச் சேனலில். இதையும் கவனிக்க வேண்டும். காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசச் சொல், காட்சி விஷயத்தில் நெட்வொர்க் நிலையங்களை எஃப்சிசி என்ற ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்படுத்துகிறது. கட்டணச் சேனலுக்கு அந்த விதி இல்லை. வசவையே கலையாக்கிய பிரிட்டிஷ் அரசியல் காமெடி ‘தி திக் ஆஃப் இட்’டை 2007இல் ஏபிசி பைலட்டாக எடுத்தபோது வசவும் போனது, நடிகர்கள் சொந்தமாகப் பேசும் பாணியும் போனது. தொடராக வரவே இல்லை. அதைப் படைத்த அர்மாண்டோ இயனூச்சி பிறகு எச்பிஓ என்ற கட்டணச் சேனலில் ‘வீப்’ என்ற அரசியல் காமெடியைப் புதிதாகப் படைத்து முதல் நான்கு சீசனை நடத்தினார்; தொடர் மொத்தம் ஏழு சீசன் ஓடியது. எந்தச் சேனல் என்பதை ஸ்கிரிப்டுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மர்மக் கதையில் இன்னொரு பள்ளம் உண்டு. ‘பிராட்சர்ச்’ 2013இலேயே பிபிசி அமெரிக்கா சேனலில் ஓடிவிட்டது. அடுத்த வருஷம் ஃபாக்ஸ் அதை ‘கிரேஸ்பாயின்ட்’ என்று எடுத்தது, அதே டேவிட் டெனன்ட்டை நாயகனாகவே வைத்து. எட்டு எபிசோடு பத்தானது, ஒரே சீசனில் முடிந்தது. மூலத்தைப் பார்த்தவர் அதே முகத்தை இன்னொரு உச்சரிப்பில் மறுபடி ஏன் பார்க்க வேண்டும்? உரிமை வாங்கும்போதே, அமெரிக்கப் பதிப்பு வெளிவந்து குறிப்பிட்ட காலம் வரை மூலத்தை அங்கே காட்டக் கூடாது என்ற நிபந்தனை கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்க வேண்டிய இடமும் பெரும்பாலும் ஒளிபரப்பிய சேனல் அல்ல. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு, தனியார் தயாரிப்பு நிறுவனம் எடுத்த தொடரின் வெளிநாட்டு உரிமை பொதுவாக அந்த நிறுவனத்திடமே இருக்கும்.